பேய் எத்தனை கிலோ?

பேயை வேப்பிலையால் அடிப்பவர்கள் உண்டு. ஆணி அடித்து மரத்தில் நிறுத்துபவர்கள் உண்டு. எலுமிச்சம்பழத்துக்குள் அனுப்பி, அந்தப் பழத்தை அல்சூர் ஏரியில் வீசி, மீன்களின் நிம்மதியைக் கெடுப்பவர்களும் உண்டு. ஆனால் பேயைத் தராசில் ஏற்றி, கிலோக் கணக்கில் எடை சொல்லி, வாராவாரம் இளைக்க வைத்து வழியனுப்புகிறவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். லிங்கராஜபுரத்தில் இருந்தார். பெயர் தராசுச் சாமி.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்துவிடும் என்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பிள்ளைகளில் சிலர் வெள்ளிக்கிழமையானால் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பைக்கில் அம்மாவை ஏற்றிக்கொண்டு, தராசுச் சாமியிடம் வந்து நின்றார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு வைத்தியம், அம்மாவுக்கு ஒரு வைத்தியம்.

ரயில்வே லைனை ஒட்டி ஒரு காலி மனை. அதில் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு வெளியே தேங்காய்க் கடை, எலுமிச்சம்பழக் கடை, செருப்புக்குக் காவல் இருக்கும் கடை. ஒலிபெருக்கியில் நாதஸ்வர கேசட் காதைக் கிழிக்கும். உள்ளே ஒரு மரமேடை. மேடையில் கிடங்குகளில் மூட்டை நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு நிற்கும். அதற்குப் பின்னால் தரையைத் தொடும் மஞ்சள் திரை. திரைக்கு அந்தப் பக்கம் சாமியின் மச்சான் கோவிந்தப்பா மௌன விரதத்தில் ஜெபம் செய்வதாக ஐதீகம். கண்டவர் யாருமில்லை.

நிறுக்கும் முறை சுத்தமானது. பேய் பிடித்தவர் தராசில் ஏறி நிற்க வேண்டும். நீளக் கம்பியில் இருக்கும் எடையை நகர்த்தினால் கம்பி சமமாக நிற்கும். அது உடம்பின் எடை. அப்புறம் சாமி கண்ணை மூடிக்கொண்டு வெண்கல மணியை அடிப்பார். தூங்கிக்கொண்டிருந்த பேய் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்ளும். 'டொக்' என்று கம்பி தானாக மேலே எகிறும். ஆள் அசையவில்லை, மூச்சுக்கூட விடவில்லை, எடை மட்டும் கூடிவிட்டது! மறுபடி எடையை நகர்த்திச் சமம் செய்தால், அதிகப்படியாக எத்தனை வருகிறதோ அத்தனையும் பேய்.

இந்தக் கணக்கை மைக்கில் படிப்பவர் ஹெர்பர்ட். ரிட்டையர்ட் போஸ்ட்மேன், நல்ல மனுஷன், கணீர்க் குரல். ஞாயிறு சர்ச்சில் பைபிள் வாசிப்பார், வெள்ளி இங்கே பேயின் எடை வாசிப்பார். இரண்டையும் ஒரே பக்தியோடு வாசிப்பார். சம்பளம் கிடையாது, தராசுக்கு அத்தனை பக்கத்தில் நிற்கக் கிடைத்ததே பாக்கியம் என்று நினைத்திருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில் ஜெயராமனும் நின்றான். ஒரு பக்கம் அவன் மனைவி காந்தா. இன்னொரு பக்கம் அவனுடைய அக்கா சந்திரம்மா. தம்பியை இங்கே இழுத்து வந்தது சந்திரம்மாதான். அடுத்த தெருவில் இருந்துகொண்டு தம்பி குடும்பத்தைத் தன் குடும்பத்தைவிட நன்றாகக் கவனித்துக்கொள்கிற அக்கா.

ஜெயராமன் மெயின் ரோட்டு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தான். காந்தா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சம்பளம், ஒரு சின்ன வீடு, வாரம் ஒரு சினிமா. அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில், போன வருஷம் சமையலறைக் குழாய் பேச ஆரம்பித்தது.

காந்தாவிடம் மட்டும் பேசியது. தண்ணீர் வராத நேரத்தில் பேசியது. லிங்கராஜபுரத்துக் குழாய்களுக்கு அப்படிப்பட்ட நேரம் நிறைய உண்டு. "உன் புருஷன் பன்னுக்குள்ள விஷம் வைக்கிறான்" என்றது. அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். தூக்கத்தை விட்டாள். குழாய் வாயில் துணி அடைத்தாள். ஒரு நாள் பட்டப்பகலில் மெயின் ரோட்டின் நடுவில் நின்று, "இந்த பஸ்ஸெல்லாம் என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டுப் போகுது" என்று கை விரித்து மறித்தாள். டிரைவர் கன்னடத்தில் திட்டினார், கண்டக்டர் தமிழில் திட்டினார். ஜெயராமன் மாவுக் கையோடு ஓடிவந்து அவளை அணைத்துக் கூட்டிப் போனான். மறுநாள் ஓசூர் ரோட்டில் இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்க வேண்டும். ஜெயராமன் தங்கினான். அவளுக்குத் தலை வாரிப் பின்னக் கற்றுக்கொண்டான். முதலில் பின்னியது ஜடை மாதிரி இல்லை, பேக்கரியில் முறுக்கிப் போடும் ரொட்டி மாதிரி இருந்தது. தினம் ஒரு காரா பன் வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைப்பான். தொடமாட்டாள். ஒரு நாள் எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை அவனிடம் நீட்டி, அவன் மென்று விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மறுபாதியைத் தின்றாள். அவன் வெராண்டாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் வீணா சின்ன வயசு. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

"இது வியாதி ரீ. சுகர் மாதிரி, பி.பி. மாதிரி. மாத்திரை விடாம சாப்பிடணும். ஸ்வல்ப தூக்கம் வரும். வெயிட் ஜாஸ்தி ஆகும். அதுக்கும் பயப்படபேடா, நான் பாத்துக்கறேன். நீங்களா நிறுத்த மட்டும் கூடாது."

காந்தாவிடம் தனியாக ஒன்று சொன்னார். "சத்தம் கேட்டா, அது சொல்றதை உடனே நம்பாதே. உனக்கு நம்பிக்கையான ஆளு பக்கத்துல இருந்தா கேளு, 'உனக்கும் கேக்குதா?'ன்னு. அவருக்குக் கேக்கலேன்னா, அது வியாதியோட சத்தம். வெளியில இல்லை."

காந்தா அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல குழாயின் குரல் தேய்ந்தது; பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ குறைத்து வைத்த மாதிரி ஆனது. சந்தேகம் வரும்போதெல்லாம், "ஏங்க, உங்களுக்குக் கேக்குதா?" என்பாள். "இல்ல காந்தா" என்பான். "சரி" என்று வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.

எல்லாம் நன்றாகத்தானே இருந்தது, பின்னே எதற்குத் தராசு?

காரணம் சின்னது. ஜெயராமன் டாக்டரிடம், "எப்பம்மா முழுசா சரியாகும்?" என்று கேட்டிருந்தான். "தேதி சொல்ல முடியாது. வருஷக்கணக்கிலகூட மாத்திரை வேண்டியிருக்கும்" என்று டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். தராசுச் சாமியோ பதினோரு வெள்ளிக்கிழமை என்றார். உண்மைக்குத் தேதி கிடையாது, பொய்க்குத் தேதி இருக்கிறது. களைத்துப்போன மனுஷன் தேதி இருக்கிற பக்கம்தான் சாய்வான். ஜெயராமன் ரொம்பக் களைத்திருந்தான்.

முறை வந்தது. காந்தா தராசில் ஏறினாள்.

"உடம்பு ஐம்பத்தெட்டு!" என்றார் ஹெர்பர்ட்.

சாமி கண்ணை மூடி மணியை நீளமாக அடித்தார். டொக்! கம்பி எகிறியது. ஹெர்பர்ட் எடையை நகர்த்தினார்.

"அறுபத்து நாலு! பேய் ஆறு கிலோ!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. சந்திரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்பலேர்ந்தும்மா இவளுக்கு ஒடம்பு போடுது?" என்று சாமி சந்திரம்மாவிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரி மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து சாமி. ஒரு ப்ளவுஸும் பத்தலை."

"மாத்திரையை யாரு திங்கறாங்கன்னு நெனைக்கிறே? இவளா? உள்ளே இருக்கிறது திங்குது. தின்னுட்டுக் கொழுக்குது."

ஜெயராமன் தயங்கிக்கொண்டே சொன்னான். "இந்த மாத்திரைக்கு எடை கூடும்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க சாமி..."

"பாத்தியா? அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு!"

காந்தா தராசிலிருந்தே கேட்டாள். "இதே வாரம் ஆஸ்பத்திரியிலயும் எடை பாத்தாங்க சாமி. ஐம்பத்தெட்டுதான் இருந்துச்சு. மீதி எங்கேருந்து வந்தது?"

"அது ஒடம்பை நிறுக்கிற தராசு. ஆவியை நிறுக்காது" என்றார் சாமி. கூட்டம் தலையாட்டியது. எத்தனை தெளிவான விளக்கம்! பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கேள்வி கேக்கறது இவ இல்லை. உள்ள இருக்கிறது கேக்குது" என்றார். அத்தோடு காந்தாவின் வாய் அடைக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தினால்தான் அடுத்த வெள்ளிக்கு வரலாம் என்பது உத்தரவு.

வீட்டுக்கு வந்ததும் ஜெயராமன் மாத்திரை டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அதைக் குடுங்க" என்றாள் காந்தா.

"பதினோரு வாரந்தானே. ட்ரை பண்ணிப் பாப்போம்."

"அந்தக் கொரலை நீங்க கேட்டதில்ல. நான் கேட்டிருக்கேன்."

"அக்கா இவ்வளவு தூரம் சொல்லுது. ஊரே போகுது. அத்தனை பேருமா முட்டாளுங்க?"

காந்தா அவனைப் பார்த்தாள். கத்தலாம். கத்தினால் பேய் கத்துகிறது என்பார்கள். அழலாம். அழுதால் பேய் அழுகிறது. பேசாமல் இருந்தால் பேய் பதுங்கியிருக்கிறது. ஒரு மனுஷிக்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கப்புறம் அவள் தும்மினால்கூட அது பேயின் தும்மல்தான். அவள் பேசாமல் இருந்தாள். ஜெயராமன் டப்பாவைக் கொண்டுபோய் பேக்கரியில் தன் சட்டை மாட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

அடுத்த வெள்ளி, பேய் ஐந்து கிலோவுக்கு இறங்கியது. அதற்கடுத்த வெள்ளி நாலு. சந்திரம்மா சந்தோஷத்தில் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். காந்தா மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வரும் வரைக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டுமே! எல்லாரும் சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு யாரும் பேசாததால் அவளுக்குத் தராசைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது.

வீட்டில் அவள் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது. ஜெயராமன் கவனித்தான், கவனிக்காத மாதிரி இருந்தான். நாலாவது வெள்ளிக்கிழமை காலை அவன் தோசை சுட்டுக்கொண்டிருந்தான். காந்தா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, இன்னிக்குக் குழாயில தண்ணி வருதா?"

"இல்லையே. நம்ம லைனுக்கு நாளைக்குத்தான்."

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?"

ஜெயராமன் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தான். காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். கேட்டுவிடாதா என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டான். எங்கோ ஒரு காக்கை, அவ்வளவுதான்.

"இல்ல காந்தா."

"சரி. அப்ப எனக்கு மட்டுந்தான்" என்றாள். "என்ன சொல்லுதுன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன். உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்."

தோசை கருகியது. ஜெயராமன் சட்டைகூடப் போடாமல் பனியனோடு பேக்கரிக்கு ஓடினான். டப்பாவோடு திரும்பி வந்து, மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தான். தண்ணீர் கொடுத்தான். அவள் விழுங்கினாள்.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நான் பண்ணது தப்பு."

"போலாம். முதல்ல கொட்டகைக்கு."

"அங்க இன்னும் எதுக்கு?"

"என் காது சொல்றது பொய்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. என் கண்ணு சொல்றதாவது நெஜமான்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் எதைத்தான் நம்பறது?" அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாரமா அந்தத் தராசுல ஒண்ணு பாக்கறேன். அது எனக்கு மட்டும் தெரியுதா, இல்ல எல்லாருக்குந்தானா? நீங்க பக்கத்துல நின்னா போதும்."

என்ன பார்த்தாள் என்று சொன்னாள். ஜெயராமன் வாயைப் பிளந்தான்.

கொட்டகையில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். சாமி தகரத்தை எடுத்துவிட்டு மண்டபம் கட்டப் போகிறார். பக்தர்கள் கொடுத்த சிமெண்ட் மூட்டைகள் மேடை ஓரத்தில் அடுக்கியிருந்தன. சந்திரம்மா முன்கூட்டியே வந்து இடம் போட்டிருந்தாள். காந்தாவின் முறை வந்தது. அவள் தராசில் ஏறாமல், தராசுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். எம்மேல இருக்கிறது பேயா, தராசு மேல இருக்கிறது பேயா?"

சாமி சிரித்தார். "பாத்தீங்களா? எளைச்சுப் போனதும் பேய்க்கு பயம் வந்துடுச்சு. தராசைக் கண்டா நடுங்குது. புடிச்சு ஏத்துங்க."

இரண்டு பேர் எழுந்தார்கள். காந்தா அவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

கொட்டகை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. பேக்கரிக்கு வருகிறவர்கள், தெருக்காரர்கள், வீட்டு ஓனர் அம்மா. பக்கத்தில் அக்கா அவன் சட்டையைப் பிடித்து, "டேய், பேசாதடா, சாபம் புடிக்கும்" என்றாள். பேய் பிடித்தவளின் பேச்சைக் கேட்கிறவனுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று ஜெயராமனுக்குத் தெரியும். அவன் சட்டையை விடுவித்துக்கொண்டான்.

"கேக்குது காந்தா. நல்லாக் கேக்குது."

நேரே மேடைக்குப் போனான். மைதா மூட்டை தூக்கிப் பழகிய தோள். ஒரு சிமெண்ட் மூட்டையை அலேக்காகத் தூக்கித் தராசின் மேல் வைத்தான். 'ஐம்பது கிலோ' என்று சாக்கில் கொட்டை எழுத்தில் இருந்தது; தையல்கூடப் பிரிக்கவில்லை.

"ஹெர்பர்ட் சார், இதைக் கொஞ்சம் படிங்க."

ஹெர்பர்ட்டுக்குக் கை சும்மா இருக்காது. தராசில் எதை வைத்தாலும் படித்துவிடுவார். எடையை நகர்த்தினார். "ஐம்பது!" என்று மைக்கில் சொன்னார்.

காந்தா மணியை எடுத்தாள்.

"மணியைத் தொடாதே!" என்று சாமி பாய்ந்தார். அதற்குள் அவள் நீளமாக அடித்துவிட்டாள்.

டொக்!

கம்பி எகிறியது. ஹெர்பர்ட் பழக்க தோஷத்தில் எடையை நகர்த்தினார். "ஐம்பத்தாறு! பேய் ஆறு..." என்றவர் பாதியில் நிறுத்தி, மூட்டையைப் பார்த்தார்.

ஒலிபெருக்கி நாதஸ்வரம் மட்டும் விடாமல் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தது.

"இப்ப சின்னதா அடிக்கிறேன் பாருங்க" என்றாள் காந்தா. டிங். கம்பி கொஞ்சமாக எழும்பியது.

"ஐம்பத்து மூணு" என்றார் ஹெர்பர்ட், ஈனக்குரலில்.

"நீளமா அடிச்சா கனமான பேய். சின்னதா அடிச்சா எளைச்ச பேய். அடிக்காம விட்டா பேயே இல்ல, பதினோராவது வாரம் கொணமாயிடும்."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏன் சாமி, சிமெண்ட்டுக்குப் பிடிச்சது ஆம்பளைப் பேயா, பொம்பளைப் பேயா?" என்று கேட்டான். யாரோ சிரித்தார்கள். ஹெர்பர்ட் கொஞ்சநேரம் யோசித்தார். இத்தனை மாதத்தில் அவர் அந்த மேடையில் யோசித்தது அதுதான் முதல் தடவை. பிறகு போய் நாதஸ்வர கேசட்டை நிறுத்தினார்.

காந்தா மணியை விடாமல் அடித்தாள். இப்போது எல்லோருக்கும் கேட்டது. டிங், கிரீச். டிங், கிரீச். டிங், கிரீச். பேய்க்கு எண்ணெய் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. தராசின் கம்பி மேலும் கீழுமாகக் குதித்தது. மஞ்சள் திரை ஆடியது. திரைக்குப் பின்னாலிருந்து, மௌன விரதத்தில் இருந்த குரல் ஒன்று அலறியது.

"யோவ் மாமா! மணியை நிறுத்துய்யா! கால் மரத்துப்போச்சு! எத்தனை பேய்தான்யா இன்னிக்கு?"

ஹெர்பர்ட்டே திரையை இழுத்தார். கோவிந்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சித்ரான்னத் தட்டு. ஒரு கால் தையல் மெஷின் மிதியின் மேல். மிதியிலிருந்து ஒரு கம்பி மேடைக்கு அடியில் போய்த் தராசின் பலகையைப் பிடித்திருந்தது. அத்தனை முகங்களையும் பார்த்த கோவிந்தப்பா, என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் இருந்ததை முதலில் மென்று முடித்தார்.

சாமி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "இதுவும் ஒரு சேவைதான். பாத சேவை..."

"அடப் பாவி! நீ பானஸ்வாடியில பழைய பேப்பர் கடை வெச்சிருந்தவன்தானே?" என்றது ஒரு பெண் குரல். "எடை கொறைச்சுப் போட்டதுக்குத்தானே அங்கேருந்து தொரத்துனாங்க!"

ஆமாம். பேப்பர் கடையில் எடையைக் குறைத்துக் காட்டினார். சாமியானதும் கூட்டிக் காட்டினார். தொழில் ஒன்றுதான், திசைதான் மாறியிருந்தது.

கூட்டம் மேடையை நெருக்கியது. சாமியின் மாலையை ஒருவன் பிடித்து இழுத்தான். அடி விழப் போகிறது என்று தெரிந்ததும் காந்தா மறுபடி மணியை அடித்தாள். எல்லோரும் பழக்கத்தில் சட்டென்று அடங்கினார்கள்.

"அவரை அடிக்காதீங்க. மிதிச்சது அவங்க, ஏறி நின்னது நாம" என்றாள். மூச்சு வாங்கியது. "எனக்கு வியாதி. காதுல இல்லாததெல்லாம் கேக்கும். இன்னிக்குக் காலையிலகூடக் கேட்டுச்சு. அதனால எதைக் கேட்டாலும் எம் புருஷனைக் கேட்டு சரிபாத்துக்கறேன். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லையே? நீங்க ஏன் பக்கத்துல இருக்கிறவங்களை ஒரு தடவைகூடக் கேக்கலை?"

ஜெயராமன் அவள் தோளில் கை போட்டு மேடையை விட்டு இறக்கினான்.

"நீங்களும் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பாத்தேன். எல்லாரும் பாத்தாங்க."

அப்படியே பஸ் பிடித்தார்கள். டாக்டர் வீணாவிடம் ஜெயராமன் எல்லாவற்றையும் தலைகுனிந்து சொன்னான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல, அது போதும். நிறைய பேர் திரும்பி வர்றதே இல்லை" என்றார். காந்தாவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மருந்தில் கொஞ்சம் மாற்றம் செய்தார்கள். எடை கூடாமல் இருக்க நடையும் சாப்பாட்டு முறையும் எழுதிக் கொடுத்தார்கள். மணி அடிக்கச் சொல்லவில்லை.

சந்திரம்மா அன்றைக்கெல்லாம் வீட்டில் புலம்பினாள். சிமெண்ட் ஃபாக்டரியில் எவனாவது விழுந்து செத்திருப்பான், அவன் ஆவிதான் மூட்டையில் வந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "அப்ப சித்ரான்னம் தின்னது யாரு அக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்துச் சந்திரம்மா ஃப்ளாஸ்கில் காபியோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ வீட்டுக்குப் போய்த் தூங்குடா. ராத்திரி நான் இருக்கேன்" என்றாள் தம்பியிடம். பிறகு காந்தாவின் ஜடையைப் பார்த்து, "இன்னாடா பின்னியிருக்கே, கண்ராவி" என்று அவிழ்த்துப் புதிதாகப் பின்ன ஆரம்பித்தாள். காந்தா தடுக்கவில்லை. பின்னிக்கொண்டே சந்திரம்மா, யாருக்கும் கேட்காத மாதிரி, "வலிக்குதாம்மா?" என்றாள். ஜடையைத்தான் கேட்டாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

காந்தா மழைக்காலம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்பினாள். முழுக்கக் குணமாகிவிட்டதா? இல்லை. சில நாள் நன்றாக இருப்பாள், சில நாள் எழுந்திருக்கவே முடியாது. மாத்திரை நிற்கவில்லை. ஜெயராமன் இப்போது தேதி கேட்பதில்லை. மாதம் ஒரு நாள் லீவு போட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறான், திரும்பும் வழியில் இருவரும் அல்சூரில் இறங்கி ஏரிக்கரையில் நடக்கிறார்கள், டாக்டர் சொன்ன நடை.

தராசுச் சாமி? அவர் வீணாகப் போய்விடவில்லை, கவலைப்படாதீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் கொட்டகை போட்டிருப்பதாகக் கேள்வி. காலத்துக்கேற்ற மாதிரி இப்போது சிவப்பு எழுத்து மின்னும் டிஜிட்டல் தராசாம். மச்சானுக்குக் கால்வலி இல்லை, பட்டன்தான். நல்ல கூட்டமாம். ஆங்கிலத்திலும் எடை சொல்கிறார்களாம்.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு தகவல். சந்தேகம் கேட்கிறவர்களுக்கென்று எந்த இடத்திலும் தனியாக ஒரு வரிசை உண்டு. அதில் கூட்டம் இருந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. போய் நின்றால் உடனே உங்கள் முறைதான்.